பச்சைப் பாதைக்குப் போட்ட கையெழுத்து

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு விஜி பஜார் ரோட்டுக்குள் சைக்கிளைத் திருப்பியபோது மூன்று ஆட்கள் குத்தவைத்து உட்கார்ந்து ரப்பர் தூண்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் பாதையை மற்ற ரோட்டிலிருந்து பிரித்து வரிசையாக நட்டிருந்த மஞ்சள் தூண்கள் அவை. போன மாதம் ஒரு சரக்கு வேன் நாலைந்து தூண்களைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. அதைத்தான் மாற்றுகிறார்கள் என்று விஜிக்குச் சந்தோஷமாக இருந்தது.

“புதுசு கொண்டாந்திருக்கீங்களா அண்ணாச்சி?”

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். “புதுசா? எல்லாத்தையும் புடுங்கச் சொல்லில்லா ஆர்டரு. நாளைக்கு இந்தப் பச்சைப் பெயிண்டு மேல தாரு ஓடும்.”

“யாரு சொன்னா?”

“பேரூராட்சில தீர்மானம் போட்டாச்சு. சைக்கிள்ல போற பொம்பளையாளுவளே பாதை வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காவளாம். எரநூறு பேருக்கு மேல கையெழுத்துன்னு சொன்னாவ.”

விஜி காலை ஊன்றியபடி நின்றாள். அவளுக்குத் தெரிந்து அந்த ஊரில் இருநூறு பெண்களிடம் கையெழுத்து வாங்கியது ஒரே ஒரு ஆள்தான். அது அவள்தான்.

வெங்கலநத்தம், கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற பேரூராட்சி. ஊருக்கு வடக்கே புதுக்காலனி, தெற்கே தீப்பெட்டி ஆபீஸ்கள் என்று ஊரார் சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலைகள். காலனியிலிருந்து அங்கே போகப் பஜார் ரோட்டை விட்டால் வேறு வழி கிடையாது. காலையில் நூற்றைம்பது பெண்களாவது சைக்கிளில் போவார்கள். பெண்கள் பள்ளிக்கூடமும் அதே நேரத்துக்குத்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் கார்களும் வேன்களும் நிற்கும். ஓரத்து மண்ணில் இறங்கிப் போகலாம் என்றால், ஒரு தூறல் விழுந்தால் போதும், கரிசல் டயரில் அப்பி மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்த ரோட்டில்தான் காலனிப் பெண் ராதாமணி விழுந்தாள். நின்றிருந்த காரின் கதவை யாரோ பட்டென்று திறக்க, அவள் சைக்கிளோடு சரிந்தாள். பின்னால் வந்த வேன் இடுப்பில் ஏறிவிட்டது. உயிர் பிழைத்தாள். ஆனால் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியாத உடம்பாகிவிட்டது. அன்றைக்கு அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் விஜியும் உமாதேவியும். ஆம்புலன்ஸ் வரும்வரை ராதாமணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தது உமாதேவி.

விஜியும் உமாதேவியும் ஒரே தீப்பெட்டி ஆபீஸில் ஒரே மேஜையில் பதினோரு வருஷம் பண்டல் ஒட்டியவர்கள். உமாதேவி மூன்று வயது மூத்தவள். விஜியின் புருஷன் செல்வகணேஷ் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, வீட்டில் ஒன்று என்றால் முதலில் வந்து நிற்கிற ஆள் அவள்தான். விஜிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தாள். விஜி யாரிடமும் பேசும்போது “எங்க உமாக்கா” என்றுதான் சொல்லுவாள்.

அந்த விபத்து நடந்த வருஷமே உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஒன்பதாவது வார்டு, அதாவது புதுக்காலனி, பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. “நீ நில்லு உமாக்கா, சைக்கிளுக்கு ஒரு பாதை கேட்டு நில்லு” என்று முதலில் சொன்னது விஜி. வேலை விட்டு வந்ததும் வீடு வீடாகப் போனதும் அவள்தான். உமாதேவி அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தாள். ஜெயித்தவள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்டாள், கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தாள், ஒன்றரை வருஷத்தில் பாதை வந்தது. ஒன்றரை மீட்டர் அகலம், பஜார் முனையிலிருந்து பள்ளிக்கூடம் வரை, பச்சைப் பெயிண்ட், மஞ்சள் தூண். திறந்த அன்றைக்குக் காலனிப் பெண்கள் வரிசையாக ஓட்டிப் போனார்கள். எல்லோருக்கும் முன்னால் உமாதேவி, அவளுக்குப் பின்னால் விஜி.

கடைக்காரர்களுக்குப் பாதை பிடிக்கவில்லை. வியாபாரிகள் சங்கச் செயலாளர் நவநீதகிருஷ்ணன் நவதானியக் கடை வைத்திருப்பவர். மூட்டை இறக்க வேன் நிற்க இடமில்லை, காரில் வருகிறவர்கள் நிறுத்த இடமில்லாமல் கோவில்பட்டிக்கே போய்விடுகிறார்கள் என்று அவர் நேருக்கு நேர் சொல்லுவார். பாதை வேண்டாம் என்று எழுதிக் கடை முன்னால் தட்டியும் கட்டி வைத்திருந்தார். விஜி தினமும் அந்தத் தட்டியைப் பார்த்துக்கொண்டேதான் போவாள். அதில் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. அவர் சங்கடம் அவருக்கு.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உமாதேவி விஜி வீட்டுக்கு வந்தாள்.

“ஏட்டி, பாதையைத் தீப்பெட்டி ஆபீஸ் வரைக்கும் நீட்டக் கேக்கப் போறேன். தெருவிளக்கும் சேத்து. எரநூறு கையெழுத்தாவது வேணும். உன்னாலதான் முடியும்.”

“மேல என்னன்னு எழுதட்டும்?”

“நீ ஒண்ணும் எழுதாத. நீ ஒண்ணு எழுத, நான் ஒண்ணு எழுத, மாறிப் போயிரும். மனுவை ஆபீஸ்ல டைப் அடிச்சு மேல வச்சுக்கிடுதேன். நீ பேரும் கையெழுத்தும் மட்டும் வாங்கு.”

விஜி மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்தாள். இருநூற்றுப் பதினான்கு பேர். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குக் கட்டைவிரல் ரேகை. ஆடு மேய்க்கிற வீட்டுச் சுந்தரம்மாள், ஐம்பத்து நான்கு வயதில் அந்தப் பாதையில்தான் சைக்கிள் பழகியவள். தூண் இருக்கிற தைரியத்தில் விழுந்து எழுந்து பழகினாள். “நல்லா அழுத்தி வைக்கட்டுமா விஜி?” என்று கேட்டு ரேகை வைத்தாள். தாள்களை நூலால் கோத்து உமாதேவி கையில் கொடுத்தபோது, அவள் விஜியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

அந்தத் தாள்கள்தான் இப்போது விஜியின் ஞாபகத்துக்கு வந்தன. வேலைக்குப் போகாமல் சைக்கிளைத் திருப்பிப் பேரூராட்சி ஆபீஸுக்கு விட்டாள்.

அங்கே கிளார்க் கடற்கரை இருந்தார். ரிடையராக இரண்டு வருஷம் இருக்கிற மனிதர், அதிகம் பேச மாட்டார். விஜி விஷயத்தைச் சொன்னதும் அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜை மேல் விரித்து வைத்தார்.

“தீர்மானம் போட்டது. யாரும் பாக்கலாம். பாத்துக்கிடும்மா.”

மேலே டைப் அடித்த ஒரு தாள். ‘பஜார் சாலையில் அமைக்கப்பட்டுள்ள மிதிவண்டிப் பாதையால் பெண்களாகிய எங்களுக்குப் பெரும் இடையூறு ஏற்படுவதால் அதனை உடனடியாக அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ அதற்குக் கீழே நூலில் கோத்தபடி அவள் வாங்கிய தாள்கள். முதல் பெயர் அவளுடையது. விஜயலட்சுமி, 4/112, புதுக்காலனி. சுந்தரம்மாளின் ரேகை ஏழாவது தாளில் கருநீலமாக, அழுத்தமாக இருந்தது. ராதாமணியின் கையெழுத்தும் இருந்தது. படுத்துக்கொண்டே போட்டதால் கோணலாகப் போயிருந்த கையெழுத்து.

விஜிக்கு முதலில் கோபம் வரவில்லை. ஏதோ மாறிப்போயிருக்கும், வேறு எவனோ தாளை மாற்றி வைத்துவிட்டான், உமாக்காவுக்குத் தெரிந்தால் ஆபீஸையே ரெண்டாக்கிவிடுவாள் என்றுதான் நினைத்தாள்.

“இது எங்க கவுன்சிலருக்குத் தெரியுமா சார்?”

கடற்கரை ஃபைலை மூடினார். “தீர்மானத்தை முன்மொழிஞ்சதே அவியதாம்மா.”

உமாதேவி வீட்டு வாசலில் நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். விஜி சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு வருவதைப் பார்த்ததும் போனை வைத்தாள். விஜி கேட்பதற்கு முன்னாலேயே அவள் முகம் பதில் சொல்லிவிட்டது.

“உள்ள வா. உக்காரு, சொல்லுதேன்.”

“இங்கனயே சொல்லு.”

“காலனிக்குத் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க வருது? பன்னெண்டு நாளு. மேல்நிலைத் தொட்டி கேட்டு எத்தனை தடவை எழுதிருப்பேன்? கடைக்காரங்க பக்கம் ஒன்பது கவுன்சிலரு இருக்காவ. தலைவரும் அவிய ஆளு. அவியளே எடுத்தா காலனி சண்டைக்கு வரும்னு என்னையக் கேக்காவ. பாதையை எடுக்கச் சம்மதிச்சா தொட்டி, இல்லன்னா இல்ல. நான் என்ன செய்ய?”

“அதை எங்ககிட்டச் சொல்லிருக்கலாம்லா.”

“சொன்னா நீ ஒத்துக்கிடுவியா?”

“கேட்டாத்தான உமாக்கா தெரியும்? தண்ணிக்காகப் பாதையை விட்டுக் குடுப்போமான்னு கேட்டிருந்தா சுந்தரம்மா சித்தியே சரின்னிருப்பாவ. அவியதான் கொடத்தோட காட்டுக் கெணத்துக்கு நடக்காவ. நானும் ரெண்டு நாள் சண்டை போட்டுட்டு அப்புறம் சரின்னிருப்பேன்.”

உமாதேவி செல்போனை இடுப்பில் செருகினாள். விஜி விடவில்லை.

“நீ கை தூக்கிருக்கலாம். பாதை வேண்டாம்னு ஒத்தையில சொல்லிருக்கலாம். எங்க கையெழுத்தை எதுக்கு எடுத்த?”

“பாதை கொண்டாந்தவளே பாதையை எடுக்கான்னு ஊரு சிரிக்கும்லா ஏட்டி. ஜனங்களே கேக்காவன்னு இருந்தாத்தான் எனக்கும் ஒரு...” உமாதேவி நிறுத்திக்கொண்டாள். “கையெழுத்து வாங்கச் சொன்னப்ப இப்படி நெனக்கல. அம்மா சத்தியமா நெனக்கல. பெறவுதான்.”

தாளுக்கு மேலே ஒன்றும் எழுதாதே என்று அவள் சொன்னது விஜிக்கு நினைவு வந்தது. அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. உமாதேவி சொன்னது உண்மையா பொய்யா என்பது விஜிக்குக் கடைசிவரை தெரியவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை அதை யோசித்திருக்கிறாள். ஒருநாள் உண்மை என்று தோன்றும், மறுநாள் இல்லையென்று தோன்றும்.

சாயங்காலத்துக்குள் காலனி முழுவதும் செய்தி பரவியிருந்தது. ஆனால் பரவியது வேறு மாதிரி. விஜி கையெழுத்து வாங்கினாள், அதை வைத்துத்தான் பாதையை எடுக்கிறார்கள், உமாதேவியும் விஜியும் சேர்ந்து செய்த வேலை. அவர்கள் இருவரையும் யாரும் பிரித்துப் பார்த்ததே இல்லை. இப்போது மட்டும் ஏன் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

ராதாமணி ஆள் அனுப்பினாள். விஜி போனபோது கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

“எம் பொண்ணு அந்தப் பாதைலதான் பள்ளிக்கூடம் போறா. பாதை வேண்டாம்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். எனக்கு நெஞ்சு எப்படி இருக்கும் விஜி?”

விஜி எல்லாவற்றையும் சொன்னாள். ராதாமணி நம்பினாள். ஆனால் சுந்தரம்மாள் நம்பவில்லை. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, விஜியின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. நீ என்ன எழுதிருக்கன்னு நான் கேக்கல. நீ கொண்டாந்தன்னு வச்சேன். தாயா பிள்ளையா பழகிட்டு இப்படிச் செய்யலாமாட்டி?”

“சித்தி, நான் செய்யல.”

“தாளை நீதான கொண்டாந்த?”

 உமாதேவி விஜிக்குச் செய்ததை, விஜி சுந்தரம்மாளுக்குச் செய்ததாக ஆகிவிட்டது. தான் ஏமாந்ததைச் சொன்னால், ஏமாற்றியவள் தப்பிக்கச் சொல்வதுபோலவே இருந்தது. 

மறுநாள் அவள் நவநீதகிருஷ்ணன் கடைக்குப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒருவேளை, உமாதேவியை அவர்தான் மிரட்டினார் என்று கேட்டுவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்திருக்கலாம்.

அவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். “வாம்மா. என்ன விஷயம்?”

“கையெழுத்து வாங்கித் தரச் சொன்னது நீங்களா அண்ணாச்சி?”

“நானா? நான் தட்டி கட்டிப் பகிரங்கமா எதிர்க்குதவன். பாதையை எடுத்தா தொட்டிக்கு எங்க ஆளுக கை தூக்குவாவன்னு சொன்னது நான்தான், அதை மறைக்கல. அது பேரம். ஆனா கையெழுத்து எதுவும் நாங்க கேக்கலம்மா. ஒரு நாள் காலைல அவியளே கொண்டாந்து, ‘இதை வச்சுக்கோங்க அண்ணாச்சி, ஜனங்களே கேட்டதா இருக்கட்டும்’னாவ. நானே அசந்து போயிட்டேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “உம் பேரு முதல்ல இருந்துச்சா, நீயும் மனசு மாறிட்டன்னு நெனச்சேன்.”

விஜி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். எதிரி என்று நினைத்த மனிதர் ஒளிக்காமல் பேசுகிறார். அவளுக்கு அழுகை வந்தது அப்போதுதான். முந்தின நாள் உமாதேவி வீட்டு வாசலில்கூட வரவில்லை. இப்போது மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே நின்று, வத்தல் நெடியில் கண் எரிகிறதாகப் பாவனை பண்ணி முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

வெளியே பாதி பஜாருக்குத் தார் போட்டு முடித்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பக்கம் பாதிதான் பாக்கி.

விஜி நாற்பது வெள்ளைத்தாள் வாங்கினாள். ஒவ்வொரு தாளிலும் தலைப்பில் தன் கையாலேயே எழுதினாள்: ‘சைக்கிள் பாதையை எடுக்கச் சொல்லி நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. நீட்டச் சொல்லித்தான் போட்டோம்.’ நாற்பது தாளிலும் அதே இரண்டு வரி. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடியும் வீடு வீடாகப் போனாள். இந்தத் தடவை தாளை நீட்டுவதற்கு முன்னால் வாசித்துக் காட்டினாள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் வாசிக்கச் சொன்னாள். மறுநாள் காலை தார் வண்டி வருவதற்குள் பள்ளிக்கூட முனைக்குச் சைக்கிளோடு வரும்படியும் கேட்டுக்கொண்டாள்.

பல வீடுகளில் கதவு திறக்கவில்லை. “ஒருதரம் போட்டது பத்தாதா?” என்று ஒருத்தி கேட்டாள். தொட்டி வருகிறதே, அதைக் கெடுத்துவிடாதே என்று சிலர் சொன்னார்கள். அதிலும் நியாயம் இருந்தது. சுதாராணி என்று நர்சிங் படிக்கிற பெண் மட்டும் தாளை வாங்கிப் படித்துவிட்டு, “நான் உங்ககூட வாரேன்க்கா” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு பேருமாக நடந்ததில் நூற்று முப்பத்தொரு கையெழுத்து கிடைத்தது. சுந்தரம்மாள் வைக்கவில்லை. வாசிப்பதைக் கேட்டுக்கொண்டாள். “வைக்கணும்னு தோணுனா நானே வாரேன்” என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குத் தார் போடுகிற வண்டி பள்ளிக்கூட முனைக்கு வந்தபோது, பச்சைப் பாதை மீதியிருந்த இடம் முழுக்கப் பெண்கள் சைக்கிளோடு நின்றார்கள். அறுபது பேர் இருப்பார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. ஒரு சைக்கிளின் முன்சக்கரம் அடுத்த சைக்கிளின் பின்சக்கரத்தைத் தொடுகிற மாதிரி வரிசையாக நின்றார்கள். தூக்குச்சட்டிகள் ஹேண்டில்பாரில் தொங்கின. பள்ளிக்கூடத்துப் பெண்களும் ஒவ்வொருவராக வரிசைக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

போலீஸ் வந்தது. எஸ்.ஐ. கேட்டார், “நீங்கதான எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தீங்க? இப்ப நீங்களே மறிக்கீங்க?”

“அது நாங்க எழுதுனது இல்ல சார்” என்றாள் விஜி. “எங்க கையெழுத்துக்கு மேல வேற யாரோ எழுதுனது.”

“யாரு?”

அறுபது பெண்களும் அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.  அந்தப் பெயரை அவள் அதுவரை வேறு மாதிரித்தான் சொல்லிப் பழகியிருந்தாள்.

“எங்க வார்டு கவுன்சிலர் உமாதேவி” என்றாள்.

வேலை நின்றது. திங்கட்கிழமை தூத்துக்குடியில் குறைதீர்க்கும் நாள். விஜியும் சுதாராணியும் இன்னும் எட்டுப் பேரும் பஸ் ஏறிப் போய் மனுவைக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. பேரூராட்சிக் கூட்ட ஹாலில் உட்கார்ந்துகொண்டு, கையெழுத்துப் போட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

அன்றைக்குச் சுந்தரம்மாள் வந்திருந்தாள். யாரும் கூப்பிடாமல் தானாக வந்து வரிசையில் நின்றாள்.

“இது உங்க ரேகைதானா?” என்று அதிகாரி தாளைக் காட்டினார்.

“ஆமா.”

“எதுக்கு வச்சீங்க?”

“பாதையை நீட்டச் சொல்லி. தீப்பெட்டி ஆபீஸ் வரைக்கும் போனா, நானும் சைக்கிள்லயே அந்தப் பக்கம் புல்லறுக்கப் போகலாம்லா. எடுக்கச் சொல்லி நான் எதுக்கு வைக்கேன்? அம்பத்துநாலு வயசுல பழகிட்டு, அதை எடுங்கன்னு சொல்ல எனக்கென்ன கிறுக்கா?”

ஹாலில் யாரோ சிரித்தார்கள். சுந்தரம்மாள் சிரிக்கவில்லை.

உமாதேவி கடைசியாகப் பேசினாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள். விஜி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

“மேடம், நான் பாதையை நீட்டணும்னுதான் ஆபீஸ்ல சொன்னேன். டைப் அடிச்ச எடத்துல மாறிருக்கும். கிளார்க்கு கவனிக்காமப் போட்டிருப்பாரு.”

மூலையில் நின்ற கடற்கரையின் முகம் வெளுத்தது. அவர் போய்ப் பீரோவைத் திறந்து, மடித்த ஒரு நோட்டுத்தாளைக் கொண்டுவந்து அதிகாரி முன்னால் வைத்தார். டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்த கைப்பிரதி. அதிகாரி அதை உமாதேவியிடம் நீட்டி, “இது யார் எழுத்து?” என்று கேட்டார்.

விஜி இருந்த இடத்திலிருந்தே எழுத்து தெரிந்தது. குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. பதினோரு வருஷம் அதே எழுத்தில்தான் அவர்கள் மேஜையின் பண்டல் கணக்கு எழுதப்பட்டது.

உமாதேவி தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், “என் எழுத்துதான்” என்றாள்.

தாளை மாற்றி வைத்ததைவிட, ஒரு பாவப்பட்ட மனிதர் மேல் பழியைத் தூக்கிப் போட்டதுதான் விஜியை உலுக்கியது. இவளையா ஓட்டுக் கேட்டு வீடு வீடாகக் கொண்டுபோனோம் என்று நினைத்தாள். அந்த நிமிஷம் வரைக்கும் அவள் மனசில் எங்கோ ஒரு ஓரத்தில், எல்லாம் முடிந்த பிறகு உமாக்காவோடு பேசிக்கொள்ளலாம் என்று இருந்தது. அது அங்கேயே முடிந்தது.

மனு செல்லாது என்று அதிகாரி எழுதினார். தீர்மானம் ரத்தானது. பெண்கள் கைதட்டினார்கள். சுதாராணி விஜியைக் கட்டிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானத்தை மறுபடியும் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை பெண்களின் மனு எதுவும் இல்லை, போக்குவரத்து நெரிசல் என்று காரணம். ஜன்னலுக்கு வெளியே நின்று விஜி பார்த்தாள். ஆதரவாகப் பத்துக் கை, எதிராக ஐந்து. பத்தாவதாக உயர்ந்த கை உமாதேவியுடையது. மெதுவாகத்தான் தூக்கினாள், ஆனால் நேராகத் தூக்கினாள்.

தார் வண்டி திரும்ப வந்தது. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி, கடைகள் இல்லாத நூறு மீட்டரை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த நூறு மீட்டரும் பெண்கள் வழியை மறித்ததால்தான் மிஞ்சியது என்று நவநீதகிருஷ்ணனே சொன்னதாகக் கேள்வி. சுந்தரம்மாள் சைக்கிளை ஆட்டுக்கொட்டகைக்குள் நிறுத்திவிட்டுப் பழையபடி நடக்க ஆரம்பித்தாள். ராதாமணி தன் மகளை ஷேர் ஆட்டோவில் அனுப்பினாள். கடற்கரைக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அது என்ன ஆயிற்று என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. உமாதேவி கவுன்சிலராகவே இருந்தாள்.

தை மாதம் காலனியில் தொட்டியின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். விஜி வேலைக்குப் போகிற வழியில் உமாதேவி அங்கே நின்றுகொண்டிருந்தாள். விஜியைப் பார்த்ததும் இரண்டு அடி முன்னால் வந்தாள். மெலிந்திருந்தாள்.

“ஏட்டி விஜி. பேசாமலே இருந்திருவியா?”

விஜி சைக்கிளிலிருந்து இறங்கினாள். குழிக்குள் நின்ற ஆட்கள் மண்ணை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“தொட்டி வந்ததும் நானும் கொடத்தைத் தூக்கிட்டு வருவேன் உமாக்கா. தண்ணி எனக்கும் வேணும். நீ செஞ்சது நல்லதுதான்னு அப்ப எல்லாரும் சொல்லுவாவ. சொல்லட்டும்.” அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “ஆனா இனிமே யாரு வந்து தாளை நீட்டினாலும் எனக்கு உன் ஞாபகம்தான் வரும். ரேஷன் கடைல போன வாரம் கையெழுத்துப் போடச் சொன்னாவ. நாலு தடவை வாசிச்சேன். வரிசைல நின்னவங்க ஏசுனாவ. அதை நீ எப்படிச் சரி பண்ணுவ?”

உமாதேவி அழுதாள். முன்பென்றால் விஜிக்கும் அழுகை வந்திருக்கும். அவள் சைக்கிளை நேராகத் திருப்பிப் பிடித்தாள். பிறகு, “நேரமாச்சு, வாரேன்” என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தாள்.

பஜாரில் அன்றைக்கு இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஒரு சரக்கு வேன் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஒதுங்க இடமில்லை. விஜி இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கார்களுக்கு நடுவே வளைந்து வளைந்து நடந்தாள். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து நிமிஷம் தாமதமாகிவிட்டது.